பெயர் தாங்கும் பாறை

விடிந்ததும் நிரப்பிகள் பாறைமுகத்தில் ஏறத் தொடங்கின. உள்ளங்கையளவே இருந்த அந்த இயந்திரப் பூச்சிகளுக்கு ஒரே ஒரு வேலைதான். முந்திய நாள் பார்வையாளர்கள் பாறையில் கீறிவிட்டுப் போன பெயர்களைத் தேடிப்பிடித்து, எழுத்தின் பள்ளங்களில் பாறையின் நிறமுடைய பசையைப் பூசி அவற்றை மூட வேண்டும். மூடுவதற்கு முன் ஒவ்வொரு பெயரையும் ஒருமுறை படித்துக் காட்டும். காப்பாளர் 'சரி' என்று சொன்னால்தான் பூசும். ஆகவே, கோதாவரிப் படுகையின் அந்தச் செந்நிற முகட்டுக்கு எதிரே, மடக்கு நாற்காலியில் அமர்ந்து, ஆறிப்போன காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அம்சவேணி தம்முடைய காலைப்பொழுதுகளை முன்பின் அறியாதவர்களின் பெயர்களைக் கேட்டே கழித்தார்.

"லோகேஷ், இதயக் குறி, பவித்ரா" என்றது ஒரு நிரப்பி.

"சரி."

"லோகேஷ், இதயக் குறி, மோனிஷா."

"அதே லோகேஷா?"

"கையெழுத்து ஒன்றே."

"ரெண்டையும் மூடு. பாவம், யாராவது ஒருத்தியாவது தப்பிக்கட்டும்."

பழத்தோல் சீவுவதற்கென்று விற்கப்பட்ட கீறொளி மோதிரம் ஒவ்வொரு விரலிலும் இருந்த காலம் அது. விரலை நீட்டினால் போதும், கருங்கல்லிலும் எழுதலாம். ஜுராசிக் காலத்து ஆறொன்று படியவிட்ட களிமண்ணும் சுண்ணாம்பும் கோடிக்கணக்கான ஆண்டுகள் இறுகிப் பாறையாகி நிற்கின்றன. அதன் முன் நிற்கும் மனிதன் 'இது என்ன?' என்று கேட்பதில்லை. எழுத எங்கே இடம் இருக்கிறது என்றே தேடுகிறான். இதைப் பற்றி அம்சவேணி மேலிடத்துக்கு முறையிட்டார். அறிவிப்புப் பலகை வைத்தார். பலகையில் முதல் நாளே இரண்டு பெயர்கள் ஏறின. அதன்பின் அவர் சினங்கொள்வதை விட்டுவிட்டார். சினத்துக்கும் உடம்பில் தெம்பு வேண்டும்.

கடல் கரையை விழுங்கியபின் தமிழர்கள் திரளாக இந்த மேட்டு நிலத்துக்கு வந்து 'புதுக்கரை' என்றொரு நகரத்தை எழுப்பிக்கொண்டார்கள். விட்டுவந்த ஊர்களில் எஞ்சியவற்றைக் காக்கக் கடலோரம் நெடுக ஒரு சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. தலைமுறைகளாகக் கட்டியும் முடியாத அந்தக் கடற்சுவருக்கு எவ்வளவு பாறை கொடுத்தாலும் போதவில்லை. நாட்டில் உள்ள எந்தக் கல்லும் சுவருக்கே உரியது என்று சட்டம் இயற்றப்பட்டிருந்தது. மலைகளை மென்று அரைத்துக் குழாய்வழியே அனுப்பும் பாறையுண்ணி இயந்திரங்கள் ஒவ்வொரு குன்றாகத் தீர்த்துவிட்டு, இப்போது அம்சவேணியின் முகட்டுக்குப் பக்கத்துக் குன்றில் நின்றன. மழைக்காலத்துக்குள் இங்கே வந்துவிடும்.

அம்சவேணியின் கவலையெல்லாம் ஒரு தலையைப் பற்றியது.

இந்தப் பாறையடுக்கில் நெடுங்கழுத்து டைனோசர்களின் தொடையெலும்புகளும் விலாவெலும்புகளும் முன்பே கிடைத்திருந்தன. தலை மட்டும் ஒருவருக்கும் கிடைத்ததில்லை. யானைக் கூட்டத்தையே நிழலில் நிறுத்தக்கூடிய அந்த உடம்போடு ஒப்பிட்டால் சிறிய தலை; இறந்ததும் கழுத்திலிருந்து எளிதில் கழன்று ஆற்றோடு போய்விடும். எப்படித் தின்றது, எதை முகர்ந்தது, எந்தப் பக்கம் பார்த்தது என்று சொல்லக்கூடியது தலை ஒன்றுதான். பணிக்காலம் முழுவதும் தேடி, ஊடுகதிர்க் கருவியைத் தோளில் சுமந்து இம்முகட்டை அடியடியாகப் பார்த்து, ஓய்வுபெறும் வயது நெருங்கியபோதுதான் அம்சவேணி அதைக் கண்டார். நாள்தோறும் நாற்காலி போட்டு அமர்ந்த இடத்துக்கு நேர் எதிரே, முகட்டின் நடுவே, அது பாறைக்குள் முழுதாக இருந்தது. மற்றப் பாறை நகம் பட்டாலே உதிரும். எலும்பைச் சுற்றி மட்டும் சுண்ணாம்பு நீர் இறுகி, இரும்புபோல் ஒரு பெருங்கட்டி உருவாகியிருந்தது.

அவர் அதை வெட்டியெடுக்கவில்லை. தொல்லுயிர் பாறையில் இருந்தால்தான் அந்த இடம் காப்பிடம் ஆகும். எடுத்துவிட்டால் மிச்சம் வெறுங்கல், சுவருக்குப் போய்விடும். அது இருக்கும் இடத்தை அவர் யாரிடமும் சொல்லவும் இல்லை. முன்பு ஒரு தொடையெலும்பைப் பதிவில் ஏற்றிய மறுவாரமே அது களவுபோய், யாரோ ஒரு செல்வர் வீட்டு வரவேற்பறையில் மேசைக் காலாக நின்றது. 'முகட்டில் தலை ஒன்று உண்டு' என்று மேலிடத்துக்கு அறிவித்தார். அது எந்த இடத்தில் என்பதை எந்த இயந்திரத்தின் நினைவிலும் ஏற்றவில்லை. காப்பிடம் என்று அறிவிக்கப்படும் நாளில் ஊரறியச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார்.

பாறையுண்ணிகளின் மேலாளர் மாசிலாமணி அவ்வப்போது எல்லைக் கயிற்றுக்கு அப்பால் வந்து நிற்பார். அரைத்த கல்லின் தூசி படிந்து புருவம்கூட வெளுத்திருக்கும்.

"என்னம்மா, உங்க ஆளு எந்திரிச்சாச்சா?"

"எந்திரிச்சா முதல்ல உங்க மெஷினைத்தான் மிதிப்பான்."

"மிதிக்கட்டும். அந்தச் சாக்குல எனக்கு நாலு நாள் லீவு கிடைக்கும்." கயிற்றில் சாய்ந்துகொண்டு அவர் சொன்னார்: "நீங்க வீணா பயப்படுறீங்கம்மா. உண்ணி எலும்பைத் தின்னாது. எலும்பு கலந்த கல்லு சுவத்துக்கு ஆகாதாம், இறுகாதாம். மோந்து பாக்கும். எலும்புன்னா கட்டியோட பேத்து ஓரமா வெச்சிட்டுப் போயிரும்."

"கல்லெடுக்கிற காண்ட்ராக்டு உங்களுது. அப்படித்தான் சொல்லுவீங்க."

"நான் சொல்லலைம்மா, அது செய்யுது. ஒரு நாள் வந்து பாருங்களேன். ஒரு நிமிஷ நடைதான்."

அம்சவேணி போகவில்லை. இயந்திரம் எலும்பைத் துப்பும் என்று மலையைத் தின்பவர் சொல்வதை நம்ப, அவர் ஒன்றும் நேற்றுப் பணிக்கு வந்தவர் அல்லர்.

பலமுறை திருப்பி அனுப்பப்பட்ட அவருடைய கோரிக்கை ஒருவழியாக ஏற்கப்பட்டது. முகடு காப்பிடமாகும். ஆனால், ஆணை வெளியானதாலேயே காப்பு நடைமுறைக்கு வந்துவிடாது. அமைச்சர் வந்து பெயர்க்கல்லைத் திறந்து வைக்க வேண்டும். கல் நின்ற கணத்திலிருந்துதான் காப்பு. கல் நிற்கும்வரை அது வெறும் மலை. உண்ணி வந்தால் கேட்க ஆளில்லை. வேறெங்கிருந்தும் கல் கொண்டுவரவும் இயலாது. அங்குள்ள கல்லெல்லாம் சுவருக்கு உரியது. ஆகவே, காக்கப்பட வேண்டிய பாறையிலேயே ஒரு துண்டை வெட்டி, அந்தப் பாறையைக் காக்கிறோம் என்று அதில் எழுதி நடுவதே முறை. இந்த முறையை வகுத்தவர்கள் அதைப் பற்றி ஒருமுறையேனும் சிந்தித்திருப்பார்களா என்பது ஐயமே.

இதற்கென்று அரசின் விழாத்துறை, குணாளன் என்ற அலுவலரை அனுப்பியது. முகத்தில் எப்போதும் புன்னகை தங்கியிருக்கும் மனிதர். அவருடன் 'உளி' என்ற இயந்திரம் வந்தது. யானைக்கன்று அளவினது, ஆறு கால், கல்லைத் தேர்ந்து, வெட்டி, மெருகேற்றி, எழுத்துப் பொறிப்பதுவரை எல்லாம் அதன் பொறுப்பு. அம்சவேணி அதற்கு முகட்டின் அடியில் சரிந்து கிடந்த ஒரு பலகைப் பாறையைக் காட்டினார். எலும்பு ஏதும் இல்லை என்று அவரே ஊடுகதிரால் பார்த்து வைத்திருந்த சாய்பாறை அது.

"இதை எடுத்துக்கோ. மேல எங்கயும் கை வைக்காதே."

"இந்த அளவு இப்போதைக்குப் போதும்" என்றது உளி.

'இப்போதைக்கு' என்ற சொல்லின் பொருள் போகப்போகத்தான் விளங்கியது. கல்லுக்கான வரைவில் முதலில் அமைச்சர் பெயர் மட்டுமே இருந்தது. பின்னர்க் குணாளன் அழைத்தார்.

"மேடம், ஒரு சின்ன சேர்ப்பு. முன்னிலைன்னு துணை அமைச்சர் பேரு."

"போடுங்க."

அடுத்த நாள் வரவேற்புரை ஆற்றுபவர் பெயர். அதற்கடுத்து வட்டத் தலைவர். அவரைச் சேர்த்ததால் மாற்றுக்கட்சி வட்டத் தலைவர். பின்னர்ப் பந்தல் போடுபவர்.

"பந்தல் போடுறவர் பேரு எதுக்குங்க?"

"அவர் வட்டத் தலைவரோட மச்சான், மேடம். விட்டுடுங்க."

பெயர்கள் கூடுவதில் மட்டும் தொல்லை நிற்கவில்லை. பதவிக்கேற்ப எழுத்தின் உயரம் அமைய வேண்டும் என்பது விழாத்துறையின் விதி. கீழே இருப்பவர் பெயரைவிட மேலே இருப்பவர் பெயர் ஒரு படி பெரிதாக இருக்க வேண்டும். மிகக் கீழே இருப்பதும் பத்தடி தொலைவிலிருந்து படிக்கும்படி இருக்க வேண்டும். ஆகவே, அடியில் ஒரு புதிய பெயர் நுழைந்தால், மேலே உள்ள அத்தனை பெயர்களும் ஒரு படி பெரிதாகும். வரைவில் கல் அடியிலிருந்து நுனிவரை வளர்ந்தது. சாய்பாறையின் விளிம்புவரை வந்துவிட்டது.

"இனிமே சேக்க முடியாது. இருக்கிற கல்லு அவ்வளவுதான்" என்றார் அம்சவேணி.

"சேக்கல மேடம். முடிஞ்சுது." என்றார் குணாளன். "ஆனா ஒண்ணு. உங்க பேரு எங்கயும் இல்லியே."

"எனக்கு வேண்டாம். நான் தினமும் பேரை அழிக்கிறவ."

"அதுங்க கிறுக்கல் மேடம். இது கல்வெட்டு. பந்தல் போட்டவர் பேரு இருக்கு, தலையைக் கண்டுபிடிச்சவங்க பேரு இல்லேன்னா, நாளைக்கு யாருக்குத் தெரியும்? உங்க காலத்துக்கு அப்புறம் இந்தக் கல்லுதானே பேசும்?"

அம்சவேணி கண்டெடுத்த வேறொரு தொடையெலும்புக்கு நன்கொடையாளர் ஒருவரின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். அவர் எழுதிய ஆய்வுகள் இயக்குநர்களின் பெயரில் வெளிவந்திருந்தன. எதிரே நிரப்பிகள் யாருடைய பெயரையோ மூடிக்கொண்டிருந்தன. அந்தக் காதலர்களுக்காவது ஒரு பொழுது பாறையில் இடம் கிடைத்தது என்று அவருக்குத் தோன்றியது. அந்த எண்ணமே அவரைக் களைப்புறச் செய்தது.

"கடைசியில. சின்னதா" என்றார்.

பெயர் இடம்பெறுவோர், அமைச்சர்கள் நீங்கலாக, புதுக்கரைக்கு நேரில் வந்து பெயரைச் சரிபார்க்க வேண்டும் என்பது மற்றொரு விதி. முன்பு எங்கோ ஒரு தலைப்பெழுத்து மாறிப்போய்க் கல்லையே உடைத்தார்களாம். விழாவுக்கு முந்திய நாள் அம்சவேணி நகருக்குப் போனார். பெயரேற்றக் கூடத்தில் நெடுநேரம் காத்திருந்தபின் அவரைத் திரையின் முன் அமர்த்தினார்கள். நேரெழுத்தா, வளையெழுத்தா, அணியெழுத்தா என்று கேட்டார்கள். தம் பெயரை அவ்வளவு பெரிதாக அவர் எங்கும் பார்த்ததில்லை. வளையெழுத்தில் 'வே' அழகாக இருந்தது. அப்போதுதான் குணாளன் அழைத்தார்.

"மேடம், உங்க பேர் சேந்ததும் மேல எல்லாரும் ஒரு படி பெருசாயிட்டாங்க. நீங்க காட்டின கல்லு பத்தலையாம். உளி கேக்குது, வேற கல்லு பாத்துக்கவா?"

"ம்" என்றார் அம்சவேணி. கண்கள் திரையில் இருந்தன. "பாத்துக்கச் சொல்லுங்க."

சொன்னது தம் காதிலேயே சரியாக விழவில்லை. வளையெழுத்தே இருக்கட்டும் என்று தீர்மானித்துவிட்டு, கடைசி வண்டியைத் தவறவிட்டு, அங்கேயே தங்கினார்.

மறுநாள் அவர் வந்து சேர்ந்தபோது அமைச்சரின் வண்டியும் வந்துவிட்டது. முகட்டை முழுவதுமாக மறைத்துப் பந்தல் துணி கட்டியிருந்தார்கள். வெறும்பாறை கண்ணுக்கு உறுத்தலாக இருக்கும் என்று விழாத்துறை கருதியிருந்தது. அம்சவேணிக்கு முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். அமைச்சர் கயிற்றை இழுத்தார். பட்டுத்துணி விலகியது.

கூட்டத்தில் ஒரு வியப்பொலி எழுந்தது. ஆளுயரத்துக்கும் மேலான அந்தக் கல், கண்ணாடிபோல் மெருகேறி நின்றது. சிவந்த கல்லின் நடுவே வெண்சாம்பல் நிறத்தில் ஏதோ ஓவியம் போல ஓடியது. மேலே ஒரு பெரிய வளையம். அமைச்சரின் பெயர் அதன் குறுக்கே சென்றது. அதன்கீழ் ஒரு சரிவு. அதில் துணை அமைச்சரும் வட்டத் தலைவர்களும் இருந்தார்கள். அடியில், கரண்டிமுனை போன்ற சிறு வடிவங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக நெருங்கி நின்றன. அவற்றின்மேல், வளையெழுத்தில், 'அம்சவேணி' என்று இருந்தது.

"கல்லுலயே டிசைன் இருக்கு பாருங்க மேடம்" என்று குணாளன் காதருகே சொன்னார். "நம்மளா வரைஞ்சாக்கூட இப்படி வராது."

அம்சவேணி வளையத்தைப் பார்த்தார். கண்குழி. சரிவைப் பார்த்தார். மூக்கெலும்பு. கீழே இருந்தவற்றைப் பார்க்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. ஊடுகதிர்ப் படத்தில் அவற்றை எத்தனையோ முறை எண்ணியிருக்கிறார்.

"இந்தத் தொல்விலங்கின் தலை இங்கேதான் எங்கோ உறங்குகிறது என்று நம் காப்பாளர் கூறினார்" என்று அமைச்சர் பேசிக்கொண்டிருந்தார். "இனி அதை எவரும் தொட முடியாது. எங்கே இருக்கிறது என்பதை அவரே இப்போது உங்களுக்குச் சொல்வார்."

ஒலிவாங்கியை அம்சவேணியின் கையில் கொடுத்தார்கள். கூட்டம் ஆர்வத்தோடு பார்த்தது.

"இங்கதான் இருக்கு" என்றார்.

கைதட்டல் எழுந்தது. அடக்கமான பேச்சு என்று அமைச்சர் பாராட்டினார்.

கூட்டம் உணவுப் பந்திக்குப் போனபின், அம்சவேணி பந்தல் துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். முகட்டின் நடுவே, அவருடைய நாற்காலிக்கு நேர் எதிரே, கதவு பெயர்த்த வாசல்போல் ஒரு பள்ளம் இருந்தது. அதன் கீழே உளி கால்களை மடக்கி ஓய்ந்திருந்தது.

"மேல கை வைக்காதேன்னு சொன்னேனே?"

"அந்த ஆணை சாய்பாறை போதுமாக இருந்தபோது இடப்பட்டது. பின்னர் வேறு கல் பார்த்துக்கொள்ளுமாறு ஆணை வந்தது. மற்றப் பகுதிகள் உதிர்கின்றன. இத்தனை பெயர்களைத் தாங்கக்கூடிய கல் இது ஒன்றே."

"உள்ள என்ன இருந்ததுன்னு பாக்கலையா?"

"பார்த்தேன். விரிசலோ என்று ஐயுற்றேன். விரிசல் அன்று, எலும்பு. எலும்பு இருக்கக் கூடாது என்று எனக்கு விதிக்கப்படவில்லை. பெயர்கள் அடங்க வேண்டும் என்பதே விதிக்கப்பட்டது."

"தலையோட மீதிப் பாதி எங்க?"

"பலகைக்கு மிஞ்சியதைப் பொடித்துப் பீடத்தின் அடியில் இட்டேன்."

அம்சவேணி பள்ளத்தின் விளிம்பில் கை வைத்துக்கொண்டார். கேட்க வேண்டாம் என்று எண்ணிய கேள்வி வாயில் வந்தது.

"என் பேரு இல்லாம இருந்திருந்தா?"

"சாய்பாறையே போதுமானதாக இருந்திருக்கும்" என்றது உளி.

மாலையில் மாசிலாமணி வந்தார். முகடு காப்பிடமாகிவிட்டதால் பாறையுண்ணிகளை வேறு குன்றுக்கு ஓட்டிச்செல்லும்படி அவருக்கு ஆணை வந்திருந்தது. முகம் கழுவிக்கொண்டு, சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"ஜெயிச்சிட்டீங்கம்மா. இனிமே இந்தப் பக்கம் நான் வரமாட்டேன். போறதுக்கு முன்னாடி உங்க சாமானை ஒப்படைச்சிடலாம்னு வந்தேன்."

"என்ன சாமான்?"

"நான்தான் சொன்னேனே. வாங்க."

இம்முறை அம்சவேணி போனார். எல்லைக் கயிற்றுக்கு அப்பால், மென்று தீர்க்கப்பட்ட குன்றின் ஓரத்தில், பாறைக்கட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் எங்கேனும் ஒரு மூலையில் எலும்பின் முனை தெரிந்தது. முதுகெலும்புக் கண்ணிகள், ஒரு முழங்கால், தோள்பட்டையின் அகன்ற தகடு. ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை. முட்டையை எடுத்து வைப்பதுபோல் எடுத்து வைத்திருந்தது அந்த மலைதின்னி.

"உண்ணி துப்பினது இது. இறுகாதாம்ல, அதான்" என்றார் மாசிலாமணி. "எங்க இறக்கட்டும்?"

அம்சவேணி பார்த்திருந்த திசையில் மாசிலாமணியும் திரும்பிப் பார்த்தார். மேடையில், சாய்ந்த வெயிலில், பெயர்க்கல் மின்னியது. அவர் கண்களைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"என்னம்மா அது, கீழ பல்லு மாதிரி இருக்கு?"

"பல்லுதான்."

மாசிலாமணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். 'எங்ககிட்ட விட்டிருந்தா...' என்று தொடங்கி, அம்சவேணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, தோள் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு நிறுத்திவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் நிரப்பிகள் ஏறின. அம்சவேணி வழக்கம்போல் நாற்காலியில் அமர்ந்திருந்தார். காப்பி வழக்கம்போல் ஆறியிருந்தது. விழாவுக்கு வந்த கூட்டம் பெரிது. மூட வேண்டியவையும் அவ்வளவு இருந்தன. நிரப்பிகள் பாறையை முடித்துவிட்டுப் பெயர்க்கல்லுக்கு வந்தன.

"லோகேஷ், இதயக் குறி, அபர்ணா. அடியிலிருந்து முதல் வரிக்குக் கீழே, இரண்டு வெண்புள்ளிகளுக்கு இடையே."

"சரி" என்றார் அம்சவேணி. "அதுக்கு மேல இருக்கிறதையும் மூடு."

நிரப்பி மேலேறியது. எழுத்தின் பள்ளத்தில் கால்களை ஊன்றி, பல்வரிசையின் மேல் மெல்ல நகர்ந்து, படித்துக் காட்டியது.

"அம்சவேணி."

"சரி" என்றார் அவர்.

நிரப்பி பூசவில்லை. எழுத்தின் பள்ளத்திலிருந்து கால்களை எடுத்துக்கொண்டு கீழே இறங்கியது.

"இதை மூட இயலாது. இது கிறுக்கல் அன்று, கல்வெட்டு."